கவசம் வேண்டுமா, வேண்டாமா

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். கியர் விழ மாட்டேன் என்று முரண்டு பிடித்த என் காரை ஒரு மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு, வாசலில் போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தூக்கி நிறுத்திய ஒரு காருக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. குரல்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன.

"போட்டுத்தான் ஆகணும்."

"வேண்டாம்னா வேண்டாம். விதியிலயே இல்ல."

"விதியில இல்லன்னா கால் போகாதா?"

கடைசி வரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதுகிற ஆட்களுக்குக் காது கொஞ்சம் நீளம். அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. ஆனால் என் அதிர்ஷ்டம், அந்த நேரம் பார்த்துத்தானா என் வேலை முடிய வேண்டும்? சாவியைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். சண்டை எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாருடைய கால், எதைப் போடுவது, ஏன் வேண்டாம் என்பதையெல்லாம் அங்கே இங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கிடைக்காததை நானே இட்டுக்கட்டினேன். எது விசாரித்தது, எது கட்டியது என்று கேட்காதீர்கள். இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

2

முதல் வரிக்காக மூன்று முறை முட்டி மோதினேன். மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அடுப்படியைத் துடைக்காமலே விருந்தாளியை உள்ளே கூப்பிடுகிற ஆள் நான்.

முதல் முயற்சி: "விளக்கு பச்சையானதும் கார் சிறுத்தையைப் போலப் பாய்ந்து —"

(வேண்டாம். உலகத்தில் ஓடுகிற கார்கள் அத்தனையும் சிறுத்தையாகிவிட்டன. சிறுத்தைகள் பாவம்.)

இரண்டாம் முயற்சி: "வாழ்க்கையும் ஒரு கிளட்ச்தான், எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று —"

(இதை எழுதிய கையை இன்னொரு கையால் தட்டிவிட்டேன்.)

மூன்றாம் முயற்சி: "பந்தய மைதானத்தின் பரிசோதனைக் கொட்டகையில், ஓர் அக்கா தன் தம்பியின் காருக்கு ஸ்டிக்கர் ஒட்டவில்லை."

இது தேவலாம். யார், எங்கே, என்ன சிக்கல் என்பதெல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டன. கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இதன் கனம் புரிய உங்களுக்கு ஒரு இயந்திரச் சங்கதி தெரிந்தாக வேண்டும். பயப்படாதீர்கள், ஒரே ஒரு பத்திதான்.

கியர் போட்டு ஓட்டுகிற காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு கனத்த இரும்புச் சக்கரம் சுற்றுகிறது. அதற்கு ஃப்ளைவீல் என்று பெயர். கிளட்ச் அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். இரண்டையும் மூடி ஓர் அலுமினியக் கூடு இருக்கும். நீங்களும் நானும் கடைக்குப் போய்வர அந்தக் கூடு தாராளமாகப் போதும். நேர்கோட்டுப் பந்தயம் ஓடுகிறவர்களோ நின்ற இடத்திலேயே இன்ஜினைக் கதறக் கதற முறுக்கிவிட்டு, கிளட்சை ஒரே உதறலில் விடுவார்கள். அந்தச் சூட்டில் சக்கரத்தில் மயிரிழை விரிசல் விழலாம். விழாமலும் போகலாம். விழுந்த விரிசல் ஒருநாள் பிளந்துகொண்டால் இரும்புத் துண்டுகள் அலுமினியத்தைக் காகிதம்போலக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அவை வருகிற வழியில் இருப்பவை ஓட்டுகிறவரின் இரண்டு பாதங்கள். அதனால் சிலர் அலுமினியக் கூட்டைக் கழற்றிவிட்டுத் தடித்த எஃகில் செய்த ஒரு கூட்டை மாட்டுவார்கள். அந்த மைதானத்தில் அதைக் கவசம் என்று சொல்கிறார்கள்.

பத்தி முடிந்தது. இனி மனிதர்கள்.

3

பரிசோதகராக முதலில் ஒரு கண்டிப்பான பெரிய மனிதரைத்தான் வைத்திருந்தேன். முறுக்கிய மீசை, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் காரைச் சுற்றி வந்தார், "முடியாது" என்றார், போய்விட்டார். கதை அரைப் பக்கத்தில் படுத்துவிட்டது. அவரைக் கையோடு வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஓட்டுகிறவனின் அக்காவைப் போட்டேன். உடனே எல்லாம் சிக்கலாகிவிட்டது. கதைக்கு வேறென்ன வேண்டும்?

இவள் வாரநாட்களில் லிஃப்ட் பராமரிப்பவள். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மேல் ஏறி நின்று கம்பிக்கயிற்றையும் பிரேக்கையும் பார்ப்பவள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் திட்டு வாங்குவாள்; ஒழுங்காக ஓடினால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. வார இறுதியில் பந்தய மைதானத்தில் கார்களைப் பரிசோதிக்கிறாள். பார்த்துத் திருப்தியானால் கண்ணாடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவாள். அது இல்லாத கார் ஓடுதளத்துக்குள் நுழைய முடியாது. ஓட்டுகிறவர்கள் அவளை ஸ்டிக்கர் அக்கா என்கிறார்கள். அவளை விட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வாரம் முழுக்கப் பின்னால் அறுபது வால்களை ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்கிறவன் வார இறுதியில் வேகத்துக்கு அலைவதில் ஆச்சரியமில்லை. வாயாடி. நல்லவன். பந்தயத்தில் இதுவரை கோப்பை வாங்கியதே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் இரண்டாவதாக வந்து, கைதட்டிவிட்டு வருகிறவன். இந்தச் சீசனிலும் கடைசிப் பந்தயம் வரை வந்திருக்கிறான். இன்று பிற்பகல் ஒரே ஓட்டம். ஜெயித்தால் கோப்பை.

மூன்றாவது ஆள் தம்பியின் மனைவி. தனியாக ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். இந்தக் காரின் ஒவ்வொரு போல்ட்டும் அவள் முறுக்கியது. கிளட்ச் அவள் மாட்டியது. இனிமேல் அவளை மெக்கானிக் என்றே குறிப்பிடுகிறேன்; 'தம்பி மனைவி' என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும் என்று தோன்றுகிறது.

(நானே உண்டாக்கிய ஆளுக்கு நானே பயப்படுகிறேன். இது நல்ல அறிகுறி.)

இனி விதி. பதினொன்றரை விநாடிக்குள் ஓடி முடிக்கிற கிளட்ச் கார்களுக்குக் கவசம் கட்டாயம். அதைவிட மெதுவான கார்களுக்கு அவரவர் இஷ்டம். தம்பியின் காரில் கவசம் இல்லை. நேரம் காட்டும் பலகையில் அவனுடைய நேரம் எப்போதும் பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

எப்போதும் எப்படி அவ்வளவு சரியாக வரும் என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான காருக்கு அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னாலேயே விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. ஆமாம், அதிக வேகத்தில் போனதற்காகத் தோற்கிற பந்தயம் இது. எனக்கும் முதலில் தலை சுற்றியது. தம்பி பதினொன்றரைக்கு மேலே ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறான். கையில் கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கட்டும் என்று கிளம்பும்போது உயிரைக் கொடுத்து முறுக்குகிறான். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காலை எடுத்துவிடுகிறான். எழுதிய நேரம் அப்படியே வந்துவிடுகிறது. இது திருட்டு இல்லை. இந்த வகைப் பந்தயத்தில் இதற்குத் திறமை என்றுதான் பெயர்.

4

கொட்டகை என்றால் நான்கு இரும்புக் கம்பமும் ஒரு தகரக் கூரையும்தான். கீழே எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை. அக்கா ஹெல்மெட்டைப் பார்த்தாள், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், பேட்டரியை ஆட்டினாள், டயர்களைத் தடவினாள். எல்லாம் சரியாக இருந்தன. ஸ்டிக்கர் சுருளைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, பசை காஞ்சு போச்சா?" என்றான் தம்பி.

"காலையில ஓட்டினியே, கோட்டுக்கு எவ்வளவு முன்னாடி காலை எடுத்த?"

"கொஞ்சம் முன்னாடி. ஏன்?"

"கொஞ்சம் இல்ல. நான் அந்தக் கோடியில நின்னேன். சத்தம் அடங்கிட்டுத்தான் கார் வந்துச்சு. எடுக்காம மிதிச்சிருந்தா பதினொண்ணே கால்ல முடிச்சிருப்ப."

"இருக்கலாம். ஆனா முடிக்கலையே. போர்டுல வந்ததுதானே கணக்கு?"

"கணக்கு அதுதான். ஆனா கிளட்ச் போர்டைப் பாத்து உடையாது. கிளம்புறப்ப உடையும், கியர் மாத்துறப்ப உடையும். அங்கெல்லாம் நீ பதினொண்ணே கால் கார் மாதிரிதான் முறுக்குற. கடைசியில காலை எடுத்துட்டா முதல்ல முறுக்கினது இல்லன்னு ஆயிடுமா?"

மைதானத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது. கவசம் வேண்டுமா என்று பலகையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பலகை கடைசியில் நடந்ததைச் சொல்கிறது. காலுக்கு ஆபத்து முதலில் இருக்கிறது.

"சரி, நீ சொல்றது நியாயம்னே வெச்சுக்கோ," என்றான் தம்பி. "விதிப்படி இப்ப என்னை நிறுத்த முடியுமா?"

முடியும். விதிகளின் கடைசியில் ஒரு வரி இருந்தது: பரிசோதகருக்குத் திருப்தியில்லாத எந்தக் காரையும் அவர் நிறுத்தலாம். எண்ணெய் ஒழுகிய காருக்கும் கதவு சரியாகச் சாத்தாத காருக்கும் அதை அக்கா பயன்படுத்தியிருக்கிறாள். விதியில் ஒழுங்காகத் தேறிய காருக்கு ஒருமுறைகூட இல்லை.

"இதையே வேற யாராச்சும் பண்ணியிருந்தா நிறுத்தியிருப்பியா? மனசைத் தொட்டுச் சொல்லு."

அக்கா மனசைத் தொட்டுத்தான் யோசித்தாள். "நிறுத்தியிருப்பேன். வீட்டுக்குப் போனப்புறம் சண்டை இருந்திருக்காது, அவ்வளவுதான்."

உண்மையில் இரண்டு பக்கமும் இடிதான். ஸ்டிக்கரை ஒட்டினால், தம்பி என்பதால் விட்டுவிட்டாள் என்பார்கள். ஒட்டாவிட்டால், தம்பி என்பதால் பயந்துவிட்டாள் என்பார்கள். இரண்டாவது பேச்சில் பாதி உண்மையும் இருந்தது. அவளுக்குப் பயம்தான். இவன் நடை பழகியபோது விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவள். அந்தக் கால்களைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் பயப்படுகிற ஒரே காரணத்தால் ஒருத்தி சொல்வது தப்பாகிவிடுமா என்ன?

அதற்குள் மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். "ஏன் இன்னும் இங்கேயே நிக்கிறீங்க? வரிசை கூப்பிட்டாச்சு."

"கவசம் இல்லையாம்," என்றான் தம்பி.

"கவசமா?" மெக்கானிக் அக்காவைப் பார்த்தாள். "ஷெட்லதாங்கக்கா இருக்கு. அது பழைய கூட்டைவிட நீளம். மாட்டணும்னா கியர்பாக்ஸைப் பின்னாடி தள்ளணும், வண்டித் தரையை வெட்டணும். சீசன் முடிஞ்சதும் பண்ணலாம்னு வெச்சிருக்கேன்."

"இப்பக் கழட்டி, சக்கரத்துல விரிசல் இருக்கான்னு மட்டும் பாக்க முடியுமா?"

"கியர்பாக்ஸை இறக்கினாத்தான் தெரியும். இன்னிக்குள்ள நடக்காது." பிறகு அவள் குரல் மாறியது. "ஏங்கக்கா, நான் மாட்டின கிளட்ச் அது. என் கை மேல உங்களுக்குச் சந்தேகமா?"

5

இங்கே நான் குறுக்கே வருகிறேன். மன்னிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், வீடு என்னுடையது.

இந்த இடத்தில் எழுதுகிறவர் முன்னால் இரண்டு முடிவுகள் வந்து நின்று கையை நீட்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அக்கா மனம் இளகி ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறாள். விளக்கு பச்சையாகிறது. தம்பி கிளட்சை விடுகிறான். ஒரு சத்தம். கூட்டம் எழுந்து நிற்கிறது. காரின் அடியிலிருந்து புகை. அக்கா ஓடுகிறாள், ஓடிக்கொண்டே —

(நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை என்று சொன்னால் உருக்கமாக இருக்கும். உண்மை அதுவல்ல. கை நன்றாகவே வந்தது, அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.)

முடிவு ஆ: அக்கா ஒட்டிவிடுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. தம்பி ஜெயிக்கிறான், கோப்பையைத் தூக்குகிறான், "பாத்தியா?" என்கிறான். அக்கா அசடு வழியச் சிரிக்கிறாள்.

இந்த இரண்டும் ஏமாற்று வேலை. வெடித்தால் அக்கா சொன்னது சரி, வெடிக்காவிட்டால் தப்பு என்று ஆகிவிடும். அக்காவின் கேள்விக்கு ஓர் இரும்புச் சக்கரம் பதில் சொல்லிவிட்டுப் போகும். ஆனால் கொட்டகையில் நிற்கிற அக்காவிடம் கடைசிப் பக்கம் இல்லை. இன்னும் எதுவும் நடக்கவில்லை. நடக்காத நேரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய வேலையே. லிஃப்ட் கயிறு அறுந்த பிறகு அது பழையது என்று சொல்ல லிஃப்ட் பராமரிக்கிறவள் எதற்கு?

எனவே ஆசிரியரின் அதிகாரத்தில் அறிவிக்கிறேன்: இந்தக் கதையில் கிளட்ச் வெடிக்காது. யாருக்கும் காயம் படாது. வெடிக்கும் என்று காத்திருந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.*

* வரைவைப் படித்த நண்பர் ஒருவர் இந்த இடத்தில் தாளைக் கீழே போட்டார். "யோவ், ஒரு விபத்துகூட இல்லாம எவன்யா படிப்பான்?" என்றார். அவருடைய வீட்டு லிஃப்டில்தான் நான் தினம் போய்வருகிறேன். அது ஒருநாளும் கதை கொடுத்ததில்லை. அதற்காக அவர் சந்தோஷப்படுகிற மாதிரியும் தெரியவில்லை.

6

திரும்பப் போவோம். "என் கை மேல உங்களுக்குச் சந்தேகமா?" என்று மெக்கானிக் கேட்டாள். சந்தேகமில்லை என்றால் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சந்தேகம் என்றால் தம்பி வீட்டில் இனி நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட முடியாது.

(இந்த இடத்தில் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். அக்காவுக்கு ஒரு நீண்ட பேச்சு எழுதினேன். மிக நன்றாக இருந்தது. யாரும் கொட்டகையில் நின்றுகொண்டு அப்படிப் பேச மாட்டார்கள் என்பது மட்டுமே குறை. கிழித்துப் போட்டேன்.)

அப்போதுதான் தம்பியோடு ஓட வேண்டிய எதிராளியின் கார் பக்கத்து வரிசையில் வந்து நின்றது. இன்ஜினைச் சூடாக்க அவர் ஒரு முறுக்கு முறுக்கினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லுங்கக்கா, சந்தேகம்னா நேராவே சொல்லுங்க" என்று சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டே, அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்து, அந்தக் காரின் பக்கவாட்டிலிருந்து முன்பக்கமாக நகர்த்தி நிறுத்தினாள். தானும் நகர்ந்துகொண்டாள்.

அக்கா பிடிபட்ட முழங்கையைப் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு என்னை இழுத்த?"

"எதுக்கு... அவர் முறுக்குறார்ல. அந்த நேரத்துல பக்கவாட்டுல நிக்கக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா? ஒருவேளை ஏதாச்சும் தெறிச்சா—" மெக்கானிக் பாதியில் நிறுத்தினாள்.

"அவர் காருல கவசம் இருக்கு. நான்தான் பாத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். இருந்தும் தள்ளி நிக்கிற."

"பழக்கம்கா."

"இவன் முறுக்குறப்ப எங்க நிப்ப?"

கிளம்புகிற இடத்தில் காரை நேர்ப்படுத்தி விடுவது மெக்கானிக்தான். மற்றவர்கள் கதவோரம் நின்று கூரையைத் தட்டி வழியனுப்புவார்கள். அவள் எப்போதும் முன்னால் போய், ஓரமாக ஒதுங்கி நின்றுதான் கையைக் காட்டுவாள். மூவருக்கும் அது தெரியும். மூவரும் பல தடவை பார்த்ததுதான். இன்றுதான் அதை நினைத்துப் பார்க்கிறார்கள்.

"உன் கை மேல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றாள் அக்கா. "நீ மாட்டின கிளட்சுக்கும் நீ தள்ளித்தான் நிக்கிற. அதுக்குப் பேரு சந்தேகமா? தொழில். நானும் நான் பாத்த லிஃப்டுக்குக் கீழ தலையை நீட்ட மாட்டேன். நீயும் நானும் ஒதுங்கி நிக்கலாம். இவன் எங்க ஒதுங்குவான்? இவன் உள்ள உக்காந்திருக்கானே."

எதிராளி முறுக்குவதை நிறுத்திவிட்டார். திடீரென்று வந்த அமைதியில் மெக்கானிக் தன் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. அவனுடைய கால்களைப் பார்த்தாள்.

"ஒட்டாதீங்கக்கா," என்றாள்.

7

தம்பிக்கு இது துரோகமாகப் பட்டது. படத்தானே செய்யும்? ஒருத்தி பரவாயில்லை, இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு காலை வாரிவிட்டார்கள் என்று நினைத்தான். (கால் பற்றிய கதையில் இந்தச் சொல்வழக்கு வந்து விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.) கொட்டகை முன்னாலேயே கத்தினான்.

"உனக்கு நான் ஜெயிக்கறது பிடிக்கல. அதைச் சொல்லேன் நேரா! இத்தனை வருஷம் நான் ரெண்டாவது வந்தப்பல்லாம் தட்டிக்கொடுத்தியே, அது ரொம்ப சுகமா இருந்துச்சு இல்ல?"

அக்கா சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கொட்டகையில் அடுத்த கார் வந்து நின்றது. அதன் பேட்டரியை ஆட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தாள்.

எதிராளி தனியாக ஓடினார். போட்டிக்கு ஆள் இல்லாததால் ஓடி முடித்தாலே கோப்பை என்று விதி. அவர் காலை எடுக்காமல் ஒருமுறை ஆசை தீர மிதித்துப் போனார். கூட்டம் கைதட்டியது. தம்பியும் தட்டினான், அவன் சுபாவம் அப்படி. தட்டிவிட்டு, காரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு அக்காவிடம் சொல்லாமல் போய்விட்டான்.

அன்று அக்கா வீட்டுக்குப் போய் அழுதாள். நான் செய்தது சரியா என்று அழவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தம்பி பேசாமல் போய்விட்டான் என்று அழுதாள். சரியாகச் செய்தவர்களுக்கு அழுகை வராது என்று யார் சொன்னது?

(இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவள்தான். இவளுக்குச் சாதகமாக நான் எதையும் ஒளித்து வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அடுத்த பகுதியை எழுதுகிறேன்.)

8

அடுத்த வார இறுதியில் மெக்கானிக் ஷெட்டைத் திறந்தாள். சீசன் முடிந்துவிட்டது. கவசம் மாட்ட வேண்டும் என்றால் பழைய கூட்டைக் கழற்றியாக வேண்டும். காலையிலேயே காரை ஆள் நிற்கும் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியாயிற்று. மதியத்துக்குள் கியர்பாக்ஸின் போல்ட்டுகள் எல்லாம் கழன்று ஒரு தட்டில் கிடந்தன. அவள்தான் அக்காவை ஃபோனில் கூப்பிட்டாள். "வாங்கக்கா. இவரும் இருக்காரு. இறக்கப் போறோம்."

அக்கா வந்தாள். தம்பி ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டான். மூன்று பேரும் காரின் அடியில் நின்றார்கள். கியர்பாக்ஸ் ஆடி ஆடி இறங்கியது. பின்னாலேயே மெக்கானிக் கிளட்சையும் கழற்றினாள். மேலே இருட்டுக்குள், கிளட்சைக் கழற்றிய இடத்தில், அந்த இரும்புச் சக்கரம் முகத்தைக் காட்டிக்கொண்டு தொங்கியது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் கையில் டார்ச் இருந்தது.

"அக்கா."

அந்த வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"சுத்தமா இருந்துச்சுன்னா, நான் சும்மாத்தான் கோப்பையை விட்டேன். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்க மாட்டேன்."

"விரிசல் இருந்துச்சுன்னா நீ சொன்னது சரி. நான் கால்ல விழுந்திடறேன். ஆனா சுத்தமா இருந்தா மட்டும் ஒத்துக்க மாட்டியா? இது என்னக்கா நியாயம்?"

"விரிசல் இருந்தாலும் நீ என் கால்ல விழ வேண்டாம். எனக்கு அன்னிக்கு விரிசல் தெரியாது. தெரியாமத்தான் நிறுத்தினேன். இன்னிக்கு இதைப் பாத்து நான் சரியாயிடவும் முடியாது, தப்பாயிடவும் முடியாது. பாக்கறதா இருந்தா பாரு. அது உன் வண்டிக்கு. எனக்கு இல்ல."

மெக்கானிக் தம்பியின் தோளில் கையை வைத்தாள். அவன் டார்ச்சை மேலே தூக்கினான். கட்டைவிரல் பொத்தானில் இருக்கிறது.

இங்கே நிறுத்துகிறேன். அந்தச் சக்கரத்தில் என்ன இருந்தது என்பதை இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். விரிசல் உள்ள பத்தியில் தம்பி தரையில் உட்கார்ந்துவிடுகிறான். விரிசல் இல்லாத பத்தியில் அவன் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போகிறான். இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. இரண்டில் எதையும் தர மாட்டேன். எதைத் தந்தாலும் நீங்கள் அதைப் பார்த்துவிட்டு அக்கா சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் செய்வேன், எனக்கு உங்களைத் தெரியும்.

டார்ச் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எரியவிடுவதும் விடாததும் உங்கள் பாடு. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வெளிச்சம் விழுவதற்கு முன்னால், இந்த இருட்டில் நின்றுகொண்டே, ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: அன்று கொட்டகையில் அந்தச் சுருள் உங்கள் கையில் இருந்திருந்தால், உள்ளே உட்கார்ந்திருந்தவன் உங்கள் தம்பியாக இருந்திருந்தால், ஸ்டிக்கரை ஒட்டியிருப்பீர்களா?